ஷார்ட் நிலுவையைக் கண்காணித்தலும் அதன் வரம்புகளும்: கேம்ஸ்டாப் பங்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிறுவனத்தின் பங்குகளை இரவல் பெற்று விற்றவர்கள் இன்னும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பங்குகளின் எண்ணிக்கையே ஷார்ட் இன்டரஸ்ட் எனப்படுகிறது. இங்கு ‘இன்டரஸ்ட்’ என்பது வட்டியையோ ஆர்வத்தையோ குறிப்பதன்று. தீர்க்கப்படாமல் நிற்கும் நிலையையே குறிக்கிறது. ஆதலால் இக்கட்டுரை அதனை ‘ஷார்ட் நிலுவை’ என வழங்குகிறது. இந்நிலுவை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, எப்போது வெளியாகிறது, எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பவற்றை, 2021 ஜனவரியில் அமெரிக்காவின் கேம்ஸ்டாப் பங்கில் நிகழ்ந்த விலையேற்றத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஷார்ட் நிலுவை ஒரு நாளின் கணக்கெடுப்பே. அது சந்தையின் அன்றாட நாடித்துடிப்பன்று. எண் எந்த நாளுக்குரியது, எந்த எண்ணால் வகுக்கப்பட்டது என்ற இரண்டையும் கேளாமல் அதனைப் படிப்பவர் பிழைபட முடிவெடுக்க நேரும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: ஷார்ட் விற்பனை, ஷார்ட் நிலுவை, புழக்கப் பங்குகள், ஷார்ட் ஸ்க்வீஸ், கேம்ஸ்டாப், ஃபோக்ஸ்வாகன், செபி

1. முன்னுரை

2021 ஜனவரி 27 அன்று கேம்ஸ்டாப் என்னும் காணொளி விளையாட்டு விற்பனை நிறுவனத்தின் பங்கு 347.51 டாலரில் முடிவுற்றது. அதே மாதம் 12ஆம் நாள் அதன் விலை 19.95 டாலர் மட்டுமே. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் நிகழ்ந்த இந்த ஏற்றத்திற்கு அக்காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது ஓர் எண்: புழக்கத்திலிருந்த பங்குகளைவிட அதிகமான பங்குகள் ஷார்ட் செய்யப்பட்டிருந்தன என்பது. இருந்த பங்குகளைவிட விற்கப்பட்ட இரவல் பங்குகள் மிகுதி என்றால், விற்றவர்கள் எந்த விலைக்கும் வாங்கியே தீர வேண்டும் என்று பலரும் எண்ணினர். அந்த எண்ணத்தை நம்பி, விலை உச்சத்திலிருந்த நாட்களில் பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர்கள் பலர்.

பிப்ரவரி 2 அன்று அப்பங்கு 90 டாலரில் முடிவுற்றது. பிப்ரவரி 19 அன்று 41 டாலருக்கும் கீழே இறங்கியது. அவர்கள் நம்பிய எண் பொய்யானதன்று. அது முறைப்படி திரட்டப்பட்டு, அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்ட எண்ணே. ஆனால் அது எந்த நாளுக்குரியது என்பதும், அதன் பொருள் என்ன என்பதும் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. சரியான எண்ணைத் தவறாகப் படிப்பதும் இழப்பிற்கே இட்டுச்செல்லும் என்பதற்கு இந்நிகழ்வு தக்க சான்று.

2. ஷார்ட் விற்பனையும் ஷார்ட் நிலுவையும்

ஒரு பங்கின் விலை இறங்கும் எனக் கருதுபவர், அப்பங்கைத் தம்மிடம் வைத்திராவிடினும் தரகு நிறுவனத்தின் வழியாக இரவல் பெற்று விற்கலாம். பின்னர் விலை இறங்கியதும் சந்தையில் வாங்கி, இரவல் தந்தவருக்குத் திருப்பித் தருவார். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலான வேறுபாடு, இரவற் கட்டணமும் பிற செலவுகளும் போக, அவருடைய ஆதாயம். திருப்பி வாங்கி நிலுவையை அடைக்கும் செயலே ‘ஷார்ட் கவரிங்’ எனப்படுகிறது.

சாதாரண முதலீட்டாளரின் இழப்பு அவர் போட்ட முதலுக்கு மேல் போகாது. ஷார்ட் விற்றவரின் இழப்பிற்கோ மேல்வரம்பு இல்லை. ஜனவரி 12 அன்று 19.95 டாலருக்கு ஒரு கேம்ஸ்டாப் பங்கை ஷார்ட் விற்று, 27ஆம் நாள் முடிவு விலையில் வாங்கி அடைத்தவருக்கு ஏற்பட்ட இழப்பு 327.56 டாலர், அதாவது, விற்றுப் பெற்ற தொகையைப்போல 16 மடங்கிற்கும் மேல். விலை ஏறும்போது தரகு நிறுவனம் கூடுதல் பிணைத்தொகை கேட்கும். கட்ட இயலாதவர் பங்கை வாங்கி வெளியேற நேரும். அந்த வாங்குதலே விலையை மேலும் உயர்த்தி அடுத்தவரையும் வெளியேற்றும். இச்சங்கிலித்தொடர் நெருக்கடியே ‘ஷார்ட் ஸ்க்வீஸ்’.

இத்தகைய நெருக்கடி எங்கு மூளக்கூடும் என்பதை முன்கூட்டி அறியவே பலரும் ஷார்ட் நிலுவையைக் கண்காணிக்கின்றனர். வேறு சிலர், தேர்ந்த முதலீட்டாளர்கள் எந்த நிறுவனத்தை நம்பவில்லை என்பதை அறியும் பொருட்டு அதனை நோக்குகின்றனர். இரு நோக்கங்களும் ஒரே எண்ணைச் சார்ந்திருப்பினும் எதிரெதிர்த் திசையில் செல்வன. முன்னவர் உயர்ந்த நிலுவையை வாங்குவதற்கான அழைப்பாகவும், பின்னவர் விலகுவதற்கான எச்சரிக்கையாகவும் கொள்கின்றனர்.

ஷார்ட் நிலுவை முழுவதும் அவநம்பிக்கையின் அளவு எனக் கொள்வதும் பொருந்தாது. ஒரு நிறுவனத்தின் மாற்றத்தக்க கடன்பத்திரத்தை வாங்கியவர் ஈடுகட்டும் பொருட்டு அதன் பங்கை ஷார்ட் விற்பதுண்டு. இரு நிறுவனங்கள் இணையும்போது ஒன்றை வாங்கி மற்றொன்றை விற்பவரும் உளர். விருப்ப ஒப்பந்தங்களான ஆப்ஷன்களை விற்ற சந்தை உருவாக்குநரும் தம் இடரைச் சமன்செய்யப் பங்கை ஷார்ட் செய்வர். இவர்களில் எவருக்கும் விலை இறங்கும் என்ற கருத்து இருக்க வேண்டியதில்லை. ஆயினும் நிலுவைக் கணக்கில் எல்லாரும் ஒரே எண்ணாகவே சேர்கின்றனர்.

3. எண்ணின் நாளும் வெளியீட்டின் நாளும்

அமெரிக்காவில் தரகு நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் கணக்குகளிலும் சொந்தக் கணக்குகளிலும் உள்ள ஷார்ட் நிலுவைகளை மாதம் இருமுறை ‘ஃபின்ரா’ என்னும் நிதித்தொழில் ஒழுங்குமுறை அமைப்பிற்குத் தெரிவிக்க வேண்டும். மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு செட்டில்மென்ட் நாளும், மாதத்தின் இறுதிச் செட்டில்மென்ட் நாளும் கணக்கெடுப்பு நாட்களாகக் கொள்ளப்படுகின்றன. அறிக்கை அளிக்க இரண்டு வேலைநாட்கள். சரிபார்த்துத் தொகுத்து வெளியிட மேலும் சில வேலைநாட்கள். இவ்வாறு எண் பொதுமக்களை எட்டும்போது கணக்கெடுப்பு நாள் கடந்து ஒன்றரை வாரம் ஆகியிருக்கும்.

கணக்கெடுப்பு நாள் என்பது வர்த்தக நாளன்று, செட்டில்மென்ட் நாள் என்பதையும் கருத வேண்டும். 2021இல் அமெரிக்கச் சந்தையில் ஒரு வர்த்தகம் இரண்டு வேலைநாட்கள் கழித்தே முழுமை பெற்றது. (2024 மே 28 முதல் இது ஒரு நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது.) எனவே ஜனவரி 15ஆம் நாளுக்குரிய நிலுவை, உண்மையில் ஜனவரி 13 வரை நடந்த வர்த்தகங்களையே உள்ளடக்கியது.

கேம்ஸ்டாப் பங்கில் இதன் விளைவு தெளிவாகப் புலப்படுகிறது. ஜனவரி 15 கணக்கெடுப்பின்படி நிலுவை ஏறத்தாழ 6.18 கோடிப் பங்குகள். இவ்வெண் ஜனவரி 27 அன்று வெளியானது. அது காட்டியது ஜனவரி 13 வரையிலான நிலையை. அன்றைய முடிவு விலை 31.40 டாலர். வெளியான நாளின் முடிவு விலையோ 347.51 டாலர். இடைப்பட்ட ஒன்பது வர்த்தக நாட்களில் விலை பதினொரு மடங்காகிவிட்டது. அந்த ஒன்பது நாட்களில் யார் அடைத்து வெளியேறினர், யார் புதிதாக நுழைந்தனர் என்பது அன்றைய வெளியீட்டில் இல்லை.

அவ்விவரம் அடுத்த வெளியீட்டில், பிப்ரவரி 9 அன்று கிடைத்தது. ஜனவரி 29 கணக்கெடுப்பின்படி நிலுவை ஏறத்தாழ 2.14 கோடியாகக் குறைந்திருந்தது. அதாவது, 4 கோடிக்கும் மேற்பட்ட பங்குகளின் நிலுவை ஜனவரி 14 முதல் 27 வரையிலான வர்த்தகங்களிலேயே நிகரமாக அடைக்கப்பட்டிருந்தது. ஷார்ட் விற்றவர்கள் இனிமேல்தான் வாங்குவார்கள் என ஜனவரி இறுதியில் காத்திருந்தவர்கள், அதற்குள் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்ட நிகழ்வொன்றிற்காகக் காத்திருந்தனர். பிப்ரவரி 9 அன்று பங்கின் விலை 50 டாலர் அளவிற்கு இறங்கியிருந்தது.

4. வகுக்கும் எண்: ஒரே நிலுவை, மூன்று விகிதங்கள்

6.18 கோடி என்பது பெரிதா சிறிதா என்பது அதனை எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வழக்கிலுள்ள முறைகள் மூன்று.

முதலாவது, நிறுவனம் வெளியிட்டுள்ள மொத்தப் பங்குகளால் வகுப்பது. கேம்ஸ்டாப் நிறுவனத்திற்கு அப்போது ஏறத்தாழ 6.97 கோடிப் பங்குகள் இருந்தன. இதன்படி ஜனவரி 15 நிலுவை ஏறத்தாழ 89 விழுக்காடு.

இரண்டாவது, புழக்கப் பங்குகளால் வகுப்பது. நிறுவனர்கள், இயக்குநர்கள், பெரும் பங்குதாரர்கள் ஆகியோரிடம் நிலையாக இருக்கும் பங்குகளைக் கழித்து, சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளை மட்டும் எடுத்துக்கொள்வது இம்முறை. அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையத்தின் பணியாளர்கள் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, கேம்ஸ்டாப் பங்கின் ஷார்ட் நிலுவை ஜனவரியில் புழக்கப் பங்குகளில் 122.97 விழுக்காட்டை எட்டியதாகக் குறிப்பிடுகிறது. அதே காலத்தில் பெரிதும் பேசப்பட்ட ஏஎம்சி திரையரங்கு நிறுவனத்தின் நிலுவை 11.4 விழுக்காடு மட்டுமே என்பதும் அவ்வறிக்கையில் உள்ளது.

மூன்றாவது, புழக்கப் பங்குகளோடு ஷார்ட் நிலுவையையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் வகுப்பது. இரவல் பெற்று விற்கப்பட்ட ஒவ்வொரு பங்கும் புதிய உடைமையாளர் ஒருவரை உருவாக்குவதால் அவரையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இதன் அடிப்படை. 122.97 விழுக்காடு என்பது இம்முறையில் ஏறத்தாழ 55 விழுக்காடாகிறது. இம்முறையில் விகிதம் ஒருபோதும் நூறை எட்டாது.

ஆக, ஒரே நாளின் ஒரே நிலுவை 89 என்றும், 123 என்றும், 55 என்றும் சொல்லப்படலாம். மூன்றும் சரியே. வெவ்வேறு தளங்களிலிருந்து எடுத்த விகிதங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது மட்டுமே தவறு.

4.1 நூறு விழுக்காட்டைத் தாண்டுவது எவ்வாறு

புழக்கத்தில் உள்ளவற்றைவிட அதிகப் பங்குகள் ஷார்ட் செய்யப்பட்டிருந்தால் அதில் மோசடி இருந்தே தீர வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

ஒரு நிறுவனத்தின் புழக்கப் பங்குகள் 100. அனைத்தும் அமுதனிடம் உள்ளன எனக் கொள்வோம். அவருடைய தரகர் அந்த 100 பங்குகளைப் பாரிக்கு இரவல் தருகிறார். பாரி அவற்றைச் செல்விக்கு விற்கிறார். செல்வியைப் பொறுத்தவரை அவை விலைகொடுத்து வாங்கிய முழுமையான பங்குகள். இரவல் பங்கு என்ற அடையாளம் ஏதும் அவற்றின்மீது இல்லை. செல்வியின் தரகர் அவற்றுள் 30 பங்குகளைத் தேவனுக்கு இரவல் தருகிறார். தேவன் அவற்றை எழிலிக்கு விற்கிறார். இப்போது ஷார்ட் நிலுவை 130. புழக்கப் பங்குகள் 100. விகிதம் 130 விழுக்காடு. ஒவ்வொரு விற்பனைக்கும் முறையான இரவல் இருந்தது. விதிமீறல் எங்கும் இல்லை.

இந்த 130 பங்குகளை 100 பங்குகளைக் கொண்டு எவ்வாறு அடைப்பது என்ற வினா எழலாம். தேவன் எழிலியிடம் 30 பங்குகளை வாங்கிச் செல்வியின் கணக்கிற்குத் திருப்புகிறார். அதன்பின் பாரி செல்வியிடம் 100 பங்குகளையும் வாங்கி அமுதனுக்குத் திருப்புகிறார். முதலில் அடைக்கப் பயன்பட்ட அதே 30 பங்குகள் இரண்டாவது முறையும் பயன்படுகின்றன. எனவே நூறைத் தாண்டிய நிலுவை, அடைக்கவே இயலாத நிலுவை ஆகாது. அது இரவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன என்பதையும், விற்க மனமில்லாதவர்கள் மிகுந்தால் அவ்வடுக்கு விரைவில் குலையும் என்பதையுமே உணர்த்துகிறது.

4.2 குறைந்த விகிதமும் ஆபத்தாகும்: ஃபோக்ஸ்வாகன், 2008

வகுக்கும் எண் தவறாக அறியப்பட்டிருந்தால், அச்சமூட்டாத விகிதமும் பேரிடரை மறைத்து வைக்கும். 2008 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் சாதாரணப் பங்குகளில் ஏறத்தாழ 12 முதல் 13 விழுக்காடு ஷார்ட் செய்யப்பட்டிருந்தது. மொத்தப் பங்குகளோடு ஒப்பிட இது அசாதாரணமான அளவன்று.

அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, போர்ஷே நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன்னிடம் ஃபோக்ஸ்வாகன் பங்குகளில் 42.6 விழுக்காடு நேரடியாகவும், மேலும் 31.5 விழுக்காட்டிற்கான ஆப்ஷன் ஒப்பந்தங்களும் இருப்பதாக அது தெரிவித்தது. இரண்டும் சேர்ந்து 74.1 விழுக்காடு. கீழ் சாக்சனி மாநில அரசிடம் 20 விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்ட பங்குகள் இருந்தன. எஞ்சியவை 6 விழுக்காட்டிற்கும் குறைவு. புழக்கப் பங்குகளைப்போல இருமடங்கிற்கும் மேலான பங்குகள் ஷார்ட் நிலுவையில் நிற்பது அன்றுதான் சந்தைக்குத் தெரிந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை 210 யூரோ அளவில் இருந்த விலை, செவ்வாய்க்கிழமை வர்த்தகத்தினிடையே 1,000 யூரோவைத் தாண்டியது. சிறிது நேரம் உலகிலேயே மிகுந்த சந்தை மதிப்புடைய நிறுவனமாக ஃபோக்ஸ்வாகன் விளங்கியது.

இங்கு ஷார்ட் நிலுவை ஒரே இரவில் பெருகிவிடவில்லை. மாறியது வகுக்கும் எண் மட்டுமே. ரொக்கமாகத் தீர்க்கப்படும் ஆப்ஷன்கள் அப்போதைய வெளிப்படுத்தல் விதிகளுக்கு வெளியே இருந்ததால், அவற்றின் பின்னணியில் முடங்கிக் கிடந்த பங்குகளைச் சந்தை புழக்கப் பங்குகளாகவே எண்ணியிருந்தது.

5. அடைக்கத் தேவைப்படும் நாட்கள்

ஷார்ட் நிலுவையைச் சராசரி அன்றாட வர்த்தக அளவால் வகுத்தால், நிலுவை முழுவதையும் அடைக்க எத்தனை நாட்கள் தேவை என்பதற்கான மதிப்பீடு கிடைக்கும். நிலுவை 60 லட்சம், அன்றாட வர்த்தகம் 10 லட்சம் எனில் 6 நாட்கள். பங்கைவிட்டு வெளியேறும் வாயில் எவ்வளவு குறுகலானது என்பதை உணர்த்துவதால் இது பயனுள்ள அளவீடு.

ஆனால் இதனுள் இரண்டு எடுகோள்கள் மறைந்துள்ளன. அன்றாட வர்த்தகம் முழுவதும் ஷார்ட் விற்றவர்களே வாங்குவது என்பது முதலாவது. அவர்கள் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே வாங்க முடிந்தால் 6 நாட்கள் 30 நாட்களாகிவிடும். வர்த்தக அளவு மாறாது என்பது இரண்டாவது. கேம்ஸ்டாப் பங்கில் ஜனவரி 22 அன்று மட்டும் ஏறத்தாழ 19.7 கோடிப் பங்குகள் கைமாறின. இது ஜனவரி 15 நிலுவையைப்போல மூன்று மடங்கு. அமைதியான காலத்துச் சராசரியைக் கொண்டு கணக்கிட்ட நாட்கள், கொந்தளிப்பு தொடங்கியதும் சில மணி நேரமாகச் சுருங்கிவிடுகின்றன. எனவே இந்த அளவீடு நெருக்கடிக்கு முன்புள்ள நிலையை விளக்குமேயன்றி, நெருக்கடியின்போது எத்தனை நாட்கள் ஆகும் என்று சொல்லாது.

6. ஷார்ட் நிலுவையோடு குழப்பிக்கொள்ளப்படும் எண்கள்

மாதம் இருமுறை வரும் எண்ணிற்குக் காத்திருக்க இயலாதோர் அன்றாடம் கிடைக்கும் பிற எண்களை நாடுகின்றனர். அவற்றுள் மூன்றினைப் பிரித்தறிதல் வேண்டும்.

அன்றாட ஷார்ட் விற்பனை அளவு: அன்றைய வர்த்தகத்தில் எத்தனை பங்குகள் ஷார்ட் விற்பனையாகக் குறிக்கப்பட்டன என்பது இது. ஒருவர் வாங்க விரும்பும்போது சந்தை உருவாக்குநர் தம்மிடம் பங்கு இல்லாவிடினும் உடனே விற்றுவிட்டு, அடுத்த நொடிகளில் வேறொருவரிடம் வாங்கிச் சமன்செய்வார். இதுவும் ஷார்ட் விற்பனையாகவே பதிவாகும்; நாள் முடிவில் நிலுவை எதுவும் எஞ்சாது. ஆகவே அன்றாட வர்த்தகத்தில் பாதியளவுவரை இவ்வாறு பதிவாவது இயல்பே. இதனைக் கண்டு பாதிப் பங்குகள் ஷார்ட் செய்யப்பட்டுவிட்டன என்பது பிழை. நிலுவை என்பது குளத்தில் நிற்கும் நீர். அன்றாட அளவு மடைவழி வந்துபோகும் நீர். வந்த நீரை மட்டும் அளந்து குளத்தின் இருப்பைச் சொல்ல இயலாது.

இரவல் சந்தைத் தரவுகள்: இரவற் கட்டணம், இரவலுக்குக் கிடைக்கும் பங்குகளில் எவ்வளவு ஏற்கெனவே இரவல் போயுள்ளது என்னும் விகிதம் ஆகியவற்றைத் தரவு நிறுவனங்கள் நாள்தோறும் திரட்டி விற்கின்றன. நிலுவையின் போக்கை விரைவில் உணர இவை உதவும். எனினும் இவை மதிப்பீடுகளே. இரவல் பெற்ற பங்குகள் அனைத்தும் விற்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுமில்லை.

ஒப்படைக்கப்படாத பங்குகள்: செட்டில்மென்ட் நாளில் விற்றவர் பங்கை ஒப்படைக்கத் தவறிய அளவு இது. ஷார்ட் விற்பனை இல்லாமலும் நிர்வாகத் தாமதத்தால் இது நேரும்.

7. நிலுவை எதனை உணர்த்துகிறது

பெருந்தொகையான பங்குகளையும் நீண்ட காலத்தையும் எடுத்துக்கொண்டு பார்க்கும்போது ஷார்ட் விற்பவர்கள் பொதுவாக அறிந்தே விற்கின்றனர் என ஆய்வுகள் காட்டுகின்றன. போமர், ஜோன்ஸ், ஜாங் ஆகியோர் நியூயார்க் பங்குச் சந்தையின் 2000 முதல் 2004 வரையிலான ஆணைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், மிகுதியாக ஷார்ட் விற்கப்பட்ட பங்குகள் குறைவாக விற்கப்பட்டவற்றைவிட அடுத்த 20 வர்த்தக நாட்களில் இடர் சரிசெய்யப்பட்ட சராசரியில் 1.16 விழுக்காடு பின்தங்கியதைக் கண்டனர். ரபாக், ரிங்கன்பர்க், ஷோ ஆகியோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு, சந்தை முழுவதற்குமான ஷார்ட் நிலுவையின் திரட்டு, பின்வரும் மாதங்களின் சந்தை ஈவைக் கணிக்க உதவுவதை நிறுவியது.

இம்முடிவுகள் சராசரியைப் பற்றியவை. தனியொரு பங்கைப் பற்றியவை அல்ல. கேம்ஸ்டாப் பங்கை விற்றவர்களும் அதே முறையில் ஆராய்ந்தே விற்றிருக்கக்கூடும். அவர்கள் வீழ்ந்தது நிறுவனத்தின் மதிப்பைத் தவறாகக் கணித்ததால் மட்டுமன்று. ஒரே பக்கத்தில் எல்லாரும் கூடி நின்றதாலும் ஆகும். அப்பங்கில் பெரிதும் ஷார்ட் நிலை கொண்டிருந்த மெல்வின் கேபிடல் என்னும் ஹெட்ஜ் நிதியம் அந்த ஒரு மாதத்தில் தன் முதலீட்டு மதிப்பில் 53 விழுக்காட்டை இழந்ததாகச் செய்திகள் வெளியாயின. 2022இல் அது மூடப்பட்டது.

மறுபுறம், விலையேற்றம் முழுவதும் ஷார்ட் ஸ்க்வீஸால் நிகழ்ந்தது என்ற கருத்தையும் மேற்குறித்த ஆணைய அறிக்கை ஏற்கவில்லை. ஷார்ட் விற்றவர்கள் அடைப்பதற்காக வாங்கியது மொத்த வாங்குதலில் சிறு பகுதியே என்றும், அவ்வாங்குதலின் நேரடி விளைவு தணிந்திருக்க வேண்டிய பின்னரும் விலை உயர்ந்தே நின்றது என்றும், பல வாரங்கள் நீடித்த ஏற்றத்தைத் தாங்கி நின்றது முதலீட்டாளர்களின் ஆதரவு மனநிலையே என்றும் அது கூறுகிறது. இரண்டு வாரத்தில் நிகரமாக அடைக்கப்பட்டது 4 கோடிப் பங்குகள். ஜனவரி 22ஆம் நாளின் வர்த்தகம் மட்டுமே 19.7 கோடிப் பங்குகள் என்பதை நோக்க, இம்முடிவு வியப்பளிப்பதன்று. ஷார்ட் நிலுவை தீப்பொறியாக இருந்தது எனலாம். எரிந்த விறகு வேறு.

8. பிற சந்தைகளின் நடைமுறை

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. 2012 நவம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஒரு நிறுவனத்தின் பங்கு மூலதனத்தில் குறிப்பிட்ட அளவிற்கு மேல் நிகர ஷார்ட் நிலை கொண்டவர் அதனை ஒழுங்குமுறை அமைப்பிற்குத் தெரிவிக்க வேண்டும். இவ்வளவு முதலில் 0.2 விழுக்காடாக இருந்து பின்னர் 0.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 0.5 விழுக்காட்டை எட்டினால் விற்றவரின் பெயரோடு பொதுவெளியில் வெளியிடப்படும். அமெரிக்க முறையில் மொத்தம் தெரியும், பெயர் தெரியாது. ஐரோப்பிய முறையில் பெயர் தெரியும். எல்லைக்குக் கீழுள்ள நிலைகள் கணக்கில் வாராமையால் மொத்தம் முழுமையாகத் தெரியாது.

இந்தியாவில் இரவல் பெறாமல் விற்று ஒப்படைக்கத் தவறுவது தடைசெய்யப்பட்டுள்ளது. பங்கு இரவல் திட்டம் 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. செபி 2024 ஜனவரி 5 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நிறுவன முதலீட்டாளர்கள் ஆணை இடும்போதே அது ஷார்ட் விற்பனையா என்பதைத் தெரிவிக்க வேண்டும். சிறு முதலீட்டாளர்கள் அன்றைய வர்த்தக நேரம் முடிவதற்குள் தெரிவிக்கலாம். தரகர்கள் திரட்டும் பங்குவாரியான விவரத்தைச் சந்தைகள் தொகுத்து வாரந்தோறும் வெளியிட வேண்டும்.

எனினும் இந்தியாவில் விலை இறங்கும் என்ற கருத்து பெரும்பாலும் தனிப்பங்கு ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் வழியாகவே வெளிப்படுகிறது. அங்குக் கிடைக்கும் ‘ஓப்பன் இன்டரஸ்ட்’ என்னும் எண்ணைச் சிலர் ஷார்ட் நிலுவையாகக் கொள்கின்றனர். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் வாங்கியவர் ஒருவரும் விற்றவர் ஒருவரும் இருப்பதால், அவ்வெண் உயர்வது மட்டும் சந்தையின் கருத்து எத்திசையில் சாய்கிறது என்பதைக் காட்டாது. பெயரில் ஒற்றுமை இருப்பினும் இரண்டும் வெவ்வேறு.

9. முடிவுரை

ஷார்ட் நிலுவையைக் கண்காணிப்பவர் ஓர் எண்ணைக் காணும்போது நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

1. இது எந்தச் செட்டில்மென்ட் நாளுக்குரியது. அதற்குப் பின் விலையும் வர்த்தக அளவும் எவ்வளவு மாறியுள்ளன?

2. விகிதமாயின், அது மொத்தப் பங்குகளால் வகுக்கப்பட்டதா, புழக்கப் பங்குகளாலா, நிலுவையும் சேர்த்த தொகையாலா?

3. புழக்கப் பங்குகள் என்று கொள்ளப்பட்டவை உண்மையில் விற்பனைக்கு வரக்கூடியவைதாமா?

4. இது நிற்கும் நிலுவையா, அன்றாட விற்பனை அளவா, மதிப்பீடா?

முதல் வினாவைக் கேட்டிருந்தால், ஜனவரி 27 அன்று வெளியான கேம்ஸ்டாப் எண் இரண்டு வாரம் பழையது என்பது புலப்பட்டிருக்கும். இரண்டாவது வினா, நூறைத் தாண்டிய விகிதத்தின் மருட்சியைத் தணித்திருக்கும். மூன்றாவது வினாவிற்கு 2008இல் விடையறிந்திருந்தால் ஃபோக்ஸ்வாகன் பங்கை ஷார்ட் செய்யப் பலர் தயங்கியிருப்பர்.

வெளியீட்டின் காலதாமதத்தைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உள்ளது. தாமதம் குறைந்தால் சிறு முதலீட்டாளர் பெறும் தகவல் புதுமையாகும். அதே வேளையில் ஷார்ட் விற்றவர்களைக் குறிவைத்து நெருக்குவதும் எளிதாகும் என்ற எதிர்வாதமும் உண்டு. இவ்விவாதம் எவ்வாறு முடியினும், தாமதமாக வரும் எண்ணைத் தாமதமான எண்ணாகவே படிப்பது படிப்பவரின் கையில் உள்ளது. அதற்குச் செலவேதும் இல்லை. அதனைச் செய்யாது விட்டவர்கள் கொடுத்த விலையோ பெரிது.